பூட்டும் இல்லை, சுங்கமும் இல்லை... மூன்று நாடுகள் சேர்ந்து காக்கும் மலாக்கா கடல்வழி!

ரேஷன் கடையில் வாங்கும் பாமாயில் பாக்கெட், சட்டைப் பையில் இருக்கும் செல்போன், ஹாலில் ஓடிக்கொண்டிருக்கும் டிவி. இந்த மூன்றுக்கும் ஒரு பொதுவான விஷயம் உண்டு. பாமாயில் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. செல்போனுக்கும் டிவிக்கும் உள்ளே இருக்கும் பாகங்களில் பெரும்பகுதி சீனா, தென் கொரியா, தைவான் பக்கத்துச் சரக்கு. கப்பலில் வந்தால், இவையெல்லாம் பெரும்பாலும் ஒரே கடல் சந்தைத் தொட்டோ கடந்தோதான் வங்கக் கடலுக்குள் நுழைய வேண்டும். அதுதான் மலாக்கா நீரிணை. பள்ளிக்கூடத்தில் ‘ஜலசந்தி’ என்று படித்தோமே, அதேதான்.

ஒரு பக்கம் மலேசியா, எதிர்ப்பக்கம் இந்தோனேசியாவின் சுமத்ரா தீவு, தென்முனையில் சிங்கப்பூர். சுமார் 800 கிலோமீட்டர் நீளம். வடக்கு வாயிலில் 250 கிலோமீட்டர் வரை அகன்றிருக்கும் இந்தக் கடல், தெற்கே போகப் போகப் புனல் மாதிரி ஒடுங்குகிறது. சிங்கப்பூர் அருகே ஃபிலிப்ஸ் கால்வாய் என்ற இடத்தில் கப்பல் போகக்கூடிய வழி வெறும் 2.8 கிலோமீட்டர்தான். காலையில் நடைப்பயிற்சி போகிறவர்கள் அரை மணி நேரத்தில் நடந்துவிடும் தூரம்!

அந்த இடுக்கு வழியாக ஆண்டுக்கு 80,000-க்கும் அதிகமான கப்பல்கள் போய்வருகின்றன. 2023 கணக்குப்படி, நாளொன்றுக்கு 2 கோடி பீப்பாய்களுக்கும் மேல் கச்சா எண்ணெயும் பெட்ரோலியப் பொருட்களும் இதைக் கடக்கின்றன. ஜப்பானில் விளக்கு எரிவதும் சீனாவில் தொழிற்சாலை ஓடுவதும் இந்தச் சந்து திறந்திருப்பதைப் பொறுத்த விஷயம்.

இத்தனைக்கும் இந்த வழிக்கு ஒரே ஒரு முதலாளி கிடையாது. வாசலில் பூட்டு போட யாருக்கும் உரிமை இல்லை. டோல்கேட் வைத்து வசூலிக்கவும் முடியாது. அப்படியானால் இதை யார் பராமரிக்கிறார்கள்? செலவை யார் ஏற்கிறார்கள்?

கடாரத்திலிருந்து ரஜுலா வரை

தமிழர்களுக்கு இது புதிய வழி அல்ல. 1025-ம் ஆண்டு வாக்கில் முதலாம் ராஜேந்திர சோழனின் கடற்படை சென்ற கடாரம், இந்த நீரிணையின் வடக்கு முனையில் உள்ள இன்றைய மலேசியாவின் கெடா. சீனாவுக்கும் தமிழகத்துக்கும் நடுவே நடந்த வணிகத்தின் மீதான பிடிதான் அந்தப் படையெடுப்புக்கு முக்கியக் காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, ‘இந்த வாசல் யார் கையில்?’ என்பது அரசர்களைத் தூங்கவிடாத கேள்வியாக இருந்திருக்கிறது.

அப்புறம் வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். 1824-ல் லண்டனில் பிரிட்டனும் நெதர்லாந்தும் ஒப்பந்தம் போட்டு, இந்தப் பக்கம் உனக்கு, அந்தப் பக்கம் எனக்கு என்று பிரித்துக்கொண்டன. இன்றைய மலேசிய, இந்தோனேசிய எல்லைக்கு விதை அதுதான்.

நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் ‘ரஜுலா’ கப்பலைப் பற்றிச் சொல்வார்கள். 1926-ல் கட்டப்பட்ட அந்தக் கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. ரப்பர் தோட்டத்துக்குப் போனவர்கள், கடை வைக்கப் போனவர்கள், கணவரைத் தேடிப் போன பெண்கள் என்று மூன்று தலைமுறைத் தமிழர்கள் கடந்த கடல் இது. அதற்குப் பின் வந்த ‘எம்.வி. சிதம்பரம்’ 1985-ல் தீ விபத்துக்குள்ளாகி நின்றுபோனது. ஆட்கள் விமானத்துக்கு மாறினார்கள். சரக்கு மட்டும் இன்றும் அதே வழியில்தான் போகிறது.

சண்டைக்காரர்கள் ஒரே மேஜையில்

மூன்று நாடுகளும் தொடக்கத்திலிருந்தே நண்பர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 1963 முதல் 1966 வரை இந்தோனேசியா, புதிதாகப் பிறந்த மலேசியாவை எதிர்த்து ஆயுத மோதலே நடத்தியது. 1965 மார்ச்சில் சிங்கப்பூரின் மெக்டொனால்ட் ஹவுஸ் கட்டடத்தில் இந்தோனேசியக் கடற்படை வீரர்கள் வைத்த குண்டு வெடித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து மனக்கசப்போடு பிரிந்தது. குண்டு வைத்த வீரர்களை 1968-ல் சிங்கப்பூர் தூக்கிலிட, ஜகார்த்தாவில் சிங்கப்பூர்த் தூதரகத்தைக் கூட்டம் சூறையாடியது.

அதற்கு மூன்றே ஆண்டுகள் கழித்து, 1971 நவம்பர் 16 அன்று, இதே மூன்று நாடுகளும் சேர்ந்து ஒரு கூட்டறிக்கை வெளியிட்டன. மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகளில் கப்பல்களின் பாதுகாப்புக்குக் கரையோர நாடுகளான நாங்கள் மூவருமே பொறுப்பு. இதற்காகச் சேர்ந்து செயல்படுவோம் என்றது அந்த அறிக்கை.

அதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. ‘இது சர்வதேச நீரிணை அல்ல, எங்கள் கடல், ஆனாலும் தீங்கில்லாமல் கடந்து போகிறவர்களைத் தடுக்க மாட்டோம்’ என்பது இந்தோனேசியா, மலேசியாவின் நிலைப்பாடு. துறைமுகத்தை நம்பியே வாழும் சிங்கப்பூருக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆகவே, ‘அவர்கள் நிலைப்பாட்டை சிங்கப்பூர் குறித்துக்கொள்கிறது’ என்ற பொருளில் எழுதி முடித்தார்கள். ஒத்துக்கொள்ளாத விஷயத்தை ஒத்துக்கொள்ளாமலே ஓரமாக வைத்துவிட்டு, ஒத்துப்போகும் வேலையை மட்டும் தொடங்கிவிட்டார்கள். அடுத்த ஐம்பது ஆண்டுகளாக இங்கே நடந்ததெல்லாம் இந்தப் பாணிதான்.

அவசரத்துக்குக் காரணமும் இருந்தது. எண்ணெய்க் கப்பல்கள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகிக்கொண்டே போயின. பயந்த மாதிரியே 1975 ஜனவரியில் ‘ஷோவா மாரு’ என்ற ஜப்பானிய ராட்சத எண்ணெய்க் கப்பல் சிங்கப்பூர் அருகே தரைதட்டி, ஆயிரக்கணக்கான டன் எண்ணெய் கடலில் கொட்டியது. கொட்டிய எண்ணெய்க்கு எல்லைக்கோடு தெரியாது. மூன்று நாட்டுக் கரைக்கும் அது ஆபத்து.

கடலில் ஒரு ‘ஒன்வே’

1977-ல் மூன்று நாடுகளும் சேர்ந்து வகுத்த திட்டத்தை ஐ.நா-வின் சர்வதேச கடல்சார் அமைப்பு ஏற்றது. 1981-ல் அது நடைமுறைக்கு வந்தது. எளிமையாகச் சொன்னால், நடுவில் தடுப்பு வைத்த நெடுஞ்சாலை மாதிரி. கடலில் வலப்பக்கம் ஒதுங்கிப் போவதுதான் விதி. சிங்கப்பூரை நோக்கிப் போகிறவர்கள் சுமத்ரா பக்கத் தடத்தில், இந்தியா பக்கம் திரும்பி வருகிறவர்கள் மலேசியப் பக்கத் தடத்தில். நடுவில் யாரும் போகக் கூடாத ஒரு பட்டை.

தடம் போட்டால் போதாது, ஆழமும் தெரிய வேண்டும். இந்த நீரிணையின் சில இடங்களில் ஆழம் 25 மீட்டருக்கும் குறைவு. அடியில் மணல்மேடுகள் அலைக்கு ஏற்ப இடம் மாறுகின்றன. நிறைசுமையோடு வரும் பெரிய எண்ணெய்க் கப்பலோ 20 மீட்டர் வரை நீருக்குள் மூழ்கியிருக்கும். கப்பலின் அடிப்பாகத்துக்கும் கடல் தரைக்கும் நடுவே குறைந்தது 3.5 மீட்டர் இடைவெளி இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. அதாவது, 300 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள கப்பலுக்கு அடியில், நம் வீட்டில் ஒரு மாடி உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான தண்ணீர். அவ்வளவுதான்! வேகத்துக்கும் வரம்பு உண்டு. ஆழ மூழ்கும் கப்பல்கள் ஆபத்தான பகுதிகளில் 12 நாட்டுக்கு மேல், அதாவது மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

இதற்கு வரைபடம் துல்லியமாக இருக்க வேண்டும். கரையோர நாடுகள் மூன்றும் ஜப்பானோடு சேர்ந்து 1970-களில் கடலடியை அளந்தன. ஆளுக்கொரு அளவுகோலில் ஆழத்தைக் குறித்தால் எல்லையைத் தாண்டும்போது மாலுமி குழம்புவார் என்பதால், எல்லோருக்கும் ஒரே அடிப்படையில் பொது வரைபடம் போட்டார்கள். பக்கத்து நாட்டுக்குத் தன் கடலடி விவரத்தைக் கொடுப்பது ராணுவ ரீதியில் சாதாரண விஷயம் அல்ல. ஆனாலும் கொடுத்தார்கள்.

விக்ரமன் மூழ்கிய இரவு

1997 செப்டம்பரில் சுமத்ராவின் காட்டுத்தீப் புகை அந்த வட்டாரத்தையே மூடியிருந்தது. அந்த மாதக் கடைசியில் ‘ஐ.சி.எல். விக்ரமன்’ என்ற இந்தியச் சரக்குக் கப்பல், மலேசியாவின் போர்ட் டிக்சனுக்கு அப்பால் ‘மவுன்ட் 1’ என்ற எண்ணெய்க் கப்பலோடு மோதி மூழ்கியது. இருபதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் வீடு திரும்பவே இல்லை. ‘கடல்வழிப் பாதுகாப்பு’ என்ற சொல் கோப்புகளில் இருக்கும் சொல் அல்ல, அது சில குடும்பங்களின் வாழ்க்கை என்பதை நமக்கு உணர்த்திய விபத்து அது.

அடுத்த ஆண்டு, 1998 டிசம்பர் 1 முதல், ‘ஸ்ட்ரெய்ட்ரெப்’ என்ற கட்டாயத் தகவல் முறை அமலானது. 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள், ஆபத்தான சரக்கு ஏற்றியவை, பயணிகள் கப்பல்கள் எல்லாம் நீரிணைக்குள் நுழையும்போதே ரேடியோவில் தங்கள் பெயர், இருப்பிடம், சரக்கு விவரத்தைச் சொல்ல வேண்டும். வழி முழுவதும் 9 பிரிவுகள். முதலில் மலேசியாவின் கிள்ளான் கட்டுப்பாட்டு மையம் கவனிக்கும். பிறகு ஜொகூர், அதன்பின் சிங்கப்பூர். ஏர்போர்ட் டவர்கள் விமானத்தை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக்கொள்வதைப் போல, கண்காணிப்பு கைமாறிக்கொண்டே போகும். ‘முன்னால் மெதுவாக ஒரு இழுவைப்படகு போகிறது’, ‘வலப்பக்கம் மீன்பிடி வலை இருக்கிறது’ என்று எச்சரிக்கையும் வரும்.

விளக்குக்கு யார் காசு கொடுப்பது?

இனி பணத்துக்கு வருவோம். சூயஸ், பனாமா இரண்டும் மனிதன் வெட்டிய கால்வாய்கள். அங்கே கப்பல்கள் கட்டணம் கட்டித்தான் போக வேண்டும். மலாக்கா இயற்கை தந்த வழி. 1982-ன் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைப்படி, இப்படிப்பட்ட நீரிணைகளில் எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் தடையில்லாமல் கடந்து போக உரிமை உண்டு. வழிகாட்டி மாலுமியை ஏற்றிக்கொண்டால் அந்தச் சேவைக்குக் கட்டணம் வாங்கலாம். ‘எங்கள் கடல் வழியாகப் போகிறாய்’ என்பதற்காக மட்டும் ஒரு பைசா வாங்க முடியாது.

ஆனால் கலங்கரை விளக்கத்தில் பல்ப் மாற்ற வேண்டும். மிதவைகளைக் கழுவி, சங்கிலி மாற்ற வேண்டும். இடித்துவிட்டுப் போன கப்பலைப் பல நேரம் கண்டுபிடிக்கவே முடியாது. உடைந்ததை மறுபடி நட வேண்டும். மூழ்கிய கப்பல்களை அகற்ற வேண்டும். எண்ணெய் கொட்டினால் சுத்தம் செய்ய வேண்டும். பலன் ஊருக்கெல்லாம், செலவு மூன்று வீட்டுக்கு மட்டும் என்றால் எத்தனை நாள் தாங்கும்?

முதலில் கை கொடுத்தது ஜப்பான். அதன் எண்ணெய் வரும் வழி இது. 1960-களின் இறுதியிலேயே அங்கே ‘மலாக்கா நீரிணை மன்றம்’ தொடங்கி, அளவைப் பணிக்கும் மிதவைகளுக்கும் செலவழித்தார்கள். 1981-ல் எண்ணெய்க் கசிவு அவசரத்துக்கென 40 கோடி யென் கொண்ட சுழல் நிதியையும் உருவாக்கினார்கள். அவசரத்துக்கு எடுத்துச் செலவழித்து, கப்பல் உரிமையாளரிடம் இழப்பீடு கிடைத்ததும் திருப்பி வைக்க வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுவின் சுழல் நிதி மாதிரியேதான்! மூன்று நாடுகளும் முறைவைத்து அதை நிர்வகிக்கின்றன.

ஒரே நாடு எத்தனை காலம் சுமக்கும் என்ற கேள்வி வந்தபோது, கடல் சட்ட உடன்படிக்கையின் 43-வது பிரிவு பக்கம் எல்லோர் பார்வையும் திரும்பியது. நீரிணையின் கரையோர நாடுகளும் அதைப் பயன்படுத்தும் நாடுகளும் வழிகாட்டிச் சாதனங்களுக்கும் மாசு தடுப்புக்கும் ஒத்துழைக்க வேண்டும் என்கிறது அது. 2005-ல் ஜகார்த்தா, 2006-ல் கோலாலம்பூர், 2007-ல் சிங்கப்பூர் என்று மூன்று கூட்டங்கள் நடந்து, ‘ஒத்துழைப்புக் கட்டமைப்பு’ உருவானது. உலகில் 43-வது பிரிவு முதன்முதலாகச் செயல்வடிவம் பெற்றது இங்கேதான்.

அதன்படி வழிகாட்டிச் சாதனங்களுக்கென ஒரு பொது நிதி. யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஜப்பானின் நிப்பான் அறக்கட்டளை முதல் ஐந்து ஆண்டுச் செலவில் மூன்றில் ஒரு பங்கை ஏற்பதாகச் சொன்னது. தென் கொரியா, ஐக்கிய அரபு அமீரகம், சீனா, இந்தியா உள்ளிட்ட நாடுகளும் பங்களித்தன. சுமார் 50 முக்கிய விளக்குகளும் மிதவைகளும் இதில் பராமரிக்கப்படுகின்றன. நிதியின் நிர்வாகம் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் என்று சுற்றி வருகிறது.

கொள்ளையருக்கு எல்லை கிடையாது

விபத்து போதாதென்று கொள்ளை வேறு. 2004-ல் மட்டும் மலாக்கா நீரிணையில் 38 தாக்குதல்களும் முயற்சிகளும் பதிவாயின. ஒரு நாட்டுக் கடலில் கப்பலில் ஏறிவிட்டு, சில நிமிடங்களில் அடுத்த நாட்டுக் கடலுக்குள் புகுந்துவிடுவார்கள். துரத்தும் படகு எல்லையில் நின்றுவிட வேண்டியதுதான்.

‘நாங்கள் வந்து ரோந்து சுற்றுகிறோம்’ என்று அமெரிக்கத் தரப்பிலிருந்து பேச்சு வந்தபோது, மலேசியாவும் இந்தோனேசியாவும் ஒப்பவில்லை. பதிலாக 2004 ஜூலையில் மூன்று நாடுகளும் தாங்களே ரோந்தைத் தொடங்கின. அவரவர் கடலில் அவரவர் கப்பல். ஆனால் நேரமும் தகவலும் ஒருங்கிணைந்திருக்கும். 2005 செப்டம்பரில் வான்வழிக் கண்காணிப்பும் சேர்ந்தது. விமானத்தில் மூன்று நாட்டு அதிகாரிகளும் ஒன்றாக இருப்பார்கள். 2008-ல் தாய்லாந்தும் இணைந்தது.

இதற்கு நடுவே 2005 ஜூனில் லண்டன் காப்பீட்டு வட்டாரம் மலாக்காவைப் போர் அபாயப் பகுதிப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் பெயர் இருந்தால் பிரீமியம் ஏறும். கடைசியில் அது சரக்கின் விலையில் வந்து நிற்கும். மூன்று நாடுகளும் விடாமல் வாதாடின. அந்த ஆண்டு தாக்குதல்கள் 12-ஆகக் குறைந்தன. 2006 ஆகஸ்ட்டில் பட்டியலிலிருந்து மலாக்கா நீக்கப்பட்டது. முழுப் பெருமையும் ரோந்துக்கே என்று சொல்ல முடியாது. 2004 சுனாமி சுமத்ராவின் வடக்கைப் புரட்டிப்போட்டதும், 2005-ல் அச்சே உள்நாட்டுப் போர் முடிந்ததும்கூட நிலைமையை மாற்றின.

அதே 2006-ல் ‘ரீகாப்’ என்ற ஆசியக் கடற்கொள்ளைத் தடுப்பு ஒப்பந்தமும் அமலுக்கு வந்தது. அதன் தகவல் மையம் சிங்கப்பூரில் இருக்கிறது, இந்தியாவும் உறுப்பினர். கரையோர நாடுகளான மலேசியாவும் இந்தோனேசியாவும் அப்போது சேரவில்லை. ஆனாலும் தகவல் பரிமாற்றம் நிற்கவில்லை. மறுபடியும் அதே பாணி!

வழக்கு ஒரு பக்கம், வெளிச்சம் ஒரு பக்கம்

சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில் பெட்ரா பிராங்கா என்ற சின்னப் பாறைத் தீவு. 1851 முதல் அதில் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் எரிகிறது. 1979-ல் மலேசியா வெளியிட்ட வரைபடத்தில் இந்தத் தீவு தன்னுடையது என்று காட்ட, சிங்கப்பூர் எதிர்க்க, வழக்கு சர்வதேச நீதிமன்றம் வரை போனது. 2008 மே மாதம், தீவு சிங்கப்பூருக்கே என்று தீர்ப்பு வந்தது. பக்கத்தில் உள்ள மிடில் ராக்ஸ் பாறைகள் மலேசியாவுக்குப் போயின.

இந்த வழக்கு நடந்த காலமும், மேலே சொன்ன ரோந்து, நிதி, ஒப்பந்தம் எல்லாம் உருவான காலமும் ஒன்றுதான். நீதிமன்றத்தில் எதிரெதிரே வாதாடிய இரு நாடுகளின் அதிகாரிகள், வேறொரு அறையில் மிதவைச் செலவைப் பங்கு போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். விளக்கு எரிவது நிற்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டதா?

இல்லை. 2017 ஆகஸ்ட்டில் இதே பெட்ரா பிராங்கா அருகே அமெரிக்கப் போர்க்கப்பல் ‘ஜான் எஸ். மெக்கெய்ன்’ ஒரு எண்ணெய்க் கப்பலோடு மோதி, 10 கடற்படையினர் இறந்தார்கள். 2024 ஜூனில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் நின்ற எரிபொருள் கப்பலைத் தூர்வாரும் கப்பல் ஒன்று இடித்ததில் சுமார் 400 டன் எண்ணெய் கொட்டியது. செந்தோசா கடற்கரை மூடப்பட்டது. எண்ணெய் மலேசியாவின் ஜொகூர் கரையிலும் ஒதுங்கியது. சிங்கப்பூர் நீரிணையில் இரவில் கப்பலில் ஏறி உதிரிபாகங்களைத் திருடும் சம்பவங்கள் சமீப ஆண்டுகளில் மீண்டும் அதிகரித்திருக்கின்றன.

நிதியும் விருப்பப்பட்டுக் கொடுப்பதுதான். இந்த வழியால் அதிகம் லாபம் பார்க்கும் கப்பல் நிறுவனங்களையும் எண்ணெய் நிறுவனங்களையும் கொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த இன்றும் வழி கிடையாது. ஊர்க் கிணற்றில் எல்லோரும் நீர் இறைக்கிறார்கள். தூர்வாரும் நாளில் சிலர்தான் மண்வெட்டியோடு வருகிறார்கள்.

இந்தியாவுக்கு இது வேடிக்கை பார்க்கும் விஷயம் அல்ல. நம் கிரேட் நிக்கோபார் தீவு இந்தக் கடல்வழியின் மேற்கு வாசலை ஒட்டியே இருக்கிறது. சென்னை, காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்களிலிருந்து கிழக்காசியா போகும் சரக்கு இந்த வழியில்தான் போகிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் உலகெங்கும் கப்பல்களில் வேலை பார்க்கிறார்கள். இரவுக் காவலில் கப்பலின் மேல்தளத்தில் நிற்கும் அவர்களில் ஒருவருக்கு, முன்னால் மின்னும் மிதவை விளக்கு மலேசியக் காசில் எரிகிறதா, ஜப்பான் காசில் எரிகிறதா என்பது தெரிய வேண்டியதில்லை. அது எரிய வேண்டும், அவ்வளவுதான். மூன்று அண்டை நாடுகள் தங்கள் சண்டை எதையும் முழுசாகத் தீர்த்துக்கொள்ளாமலேயே, ஐம்பது ஆண்டுகளாக அதை எரிய வைத்திருக்கின்றன.